சிங்கப்பூர் அம்பயர்

அத்தியாயம் 11

பாங்க் பரீட்சைக்கு முன்னோட்டமான மாக் டெஸ்ட் எழுதப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய சங்கவி, விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் கால் வைத்ததும் டிக்கெட் மிஷினோடு எதிரில் நின்றது அவள் அப்பா குமரேசன். போன வாரம் அவளை அந்தப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

குமரேசனுக்கு வழக்கமாகப் புதுச்சேரி ரூட். அன்றைக்கு வேறு ஒரு கண்டக்டர் லீவு. அதனால் இந்த பஸ்.

"எங்கம்மா போற?"

"திண்டிவனம்பா. மாக் டெஸ்ட். சொன்னேன் இல்ல?"

"சொன்ன." அவர் பார்வை அவள் தோள் பைக்குப் போனது. பாதி திறந்த ஜிப் வழியே வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எட்டிப் பார்த்தது. "டெஸ்ட்டுக்கு எதுக்கு இத்த தூக்கிக்கினு போற?"

பின்னாலேயே ஏறிய தோழி இளவரசி சட்டென்று சொன்னாள். "கம்ப்யூட்டர் டெஸ்ட் அங்கிள். அங்க பிளக் பாயின்ட் கம்மி."

குமரேசன் இரண்டு டிக்கெட் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். டிக்கெட் வாங்காமல் ஏறியவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. பெற்ற பெண் முகத்தில் அதே களையைப் பார்த்தபோது மட்டும் அவர் அதை நம்ப விரும்பவில்லை.

சங்கவிக்கு இருபத்திரண்டு வயது. பி.காம் முடித்தாயிற்று. பாங்க் பரீட்சை எழுதி அவள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அம்மா கவிதாவின் ஆசை. கவிதா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையின் அருமை அவளுக்குத்தான் தெரியும்.

சங்கவியும் படிக்கத்தான் செய்தாள். ஆனால் ஆறு மாதமாக தினம் இரண்டு மணி நேரம் அவள் அறைக்கதவு சாத்தியிருந்ததற்குக் காரணம் பாடப் புத்தகம் இல்லை. போனில் ஆடும் 'லாஸ்ட் கேட்'. மூன்று பேர் ஒரு வாசலைக் காப்பார்கள்; எதிரணி மூன்று பேர் அதை உடைத்து உள்ளே நுழைய வேண்டும். இதற்கு முன் அவளும் இரண்டு தோழிகளும் வேறு ஒரு ஆட்டத்தில் இரண்டு வருஷம் பழகியிருந்தார்கள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் அந்த ஆட்டத்துக்கு நாட்டிலேயே தடை. அதில் கற்றதெல்லாம் போக, இதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சங்கவி கேப்டன். இளவரசியும் கோட்டக்குப்பம் ஹுமைராவும் மற்ற இரண்டு பேர்.

இன்று திண்டிவனத்தில் மாவட்ட அளவில் முதல் போட்டி. பதினாறு அணிகள். அதில் பெண்கள் அணி ஒன்றே ஒன்று.

*

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த மண்டபத்தின் கேட் பூட்டியிருந்தது. வெளியே நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள் வெயிலில் நின்றிருந்தார்கள். கேட்டுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தாள் மண்டபத்தின் சொந்தக்காரி காந்திமதி. சாவிக்கொத்து மடியில்.

வெளியே ஹுமைராவின் அண்ணன் யாஹ்யா கெஞ்சிக்கொண்டிருந்தான். திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். போட்டியை நடத்துகிறவனும் அவன்தான்.

"அக்கா, நீங்கதானே ஹால் தர்றேன்னு சொன்னீங்க?"

"பிள்ளைங்க விளையாட்டுன்னு சொன்ன. சரின்னேன். நேத்து ஒருத்தர் வந்து, உங்க மண்டபத்துல போன் வச்சு சூதாட்டம் நடக்கப் போவுதாமேன்னு கேட்டுட்டுப் போறாரு. எனக்கு எதுக்குப்பா இந்த பேஜாரு?"

"இது ரம்மி இல்லக்கா. யாரும் ஒரு ரூபா கட்டல."

"என் தம்பியும் அப்பிடித்தான் சொன்னான். போன்ல ரம்மி ஆடி ஆடி இன்னிக்கு ஊருலயே இல்ல அவன்." காந்திமதியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளா, அரசாங்க வேலையில இருக்கறவரா ஒருத்தர் வந்து, இது சூது இல்லன்னு எழுதிக் கையெழுத்து போடட்டும். தொறந்து விடறேன்."

யாஹ்யா ஏற்கெனவே கல்லூரி வாத்தியார் இரண்டு பேருக்கு போன் பண்ணிப் பார்த்திருந்தான். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், "கேமா? அதெல்லாம் எனக்கு எதுக்குப்பா" என்று வைத்துவிட்டார்.

பஸ்ஸில் நடந்ததை இளவரசி சொல்லக் கேட்டிருந்த ஹுமைரா மெதுவாகச் சங்கவியின் முழங்கையைத் தொட்டாள். "உங்கப்பா பஸ் இன்னும் ஸ்டாண்டுலதானே நிக்கும்?"

சங்கவி திரும்பிப் பார்த்தாள். செஞ்சியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பையன்கள் மரக்காணம் பையன்களோடு தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கு இந்தக் கேட் திறக்காவிட்டால் இந்த ஊரில் இன்னொரு முறை யாரும் போட்டி வைக்க மாட்டார்கள்.

அவள் ஓடினாள்.

*

குமரேசன் டிரைவர் சவுரிராயனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மாக் டெஸ்ட் இல்லப்பா."

"தெரியும்."

"எப்பிடி?"

"டெஸ்ட்டுன்னா காலையிலருந்து ஹால் டிக்கெட்ட நாலு தடவ தேடுவ. இன்னிக்கு ஒரு தடவகூடத் தேடல." அவர் டம்ளரை வைத்தார். "சொல்லு. யாராச்சும் பையனா?"

"பையன் இல்லப்பா. பதினாறு டீமு."

சவுரிராயனுக்கு டீ புரை ஏறியது. சங்கவி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மனசு லேசாக இருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாமயே இருந்திருக்கலாம்." குமரேசன் வாட்ச்சைப் பார்த்தார். "பஸ் எடுக்க பதினெட்டு நிமிஷம் இருக்கு. ஜல்தி நட."

குமரேசனுக்கு ஒரு தனி வாழ்க்கை உண்டு. தை, மாசி மாதங்களில் லீவு போட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்க் கபடிப் போட்டிகளுக்கு நடுவராக நிற்பார். கழுத்தில் விசில், பையில் ரூல் புக். தப்பான தீர்ப்பு சொன்னார் என்று இதுவரை யாரும் அவர் சட்டையைப் பிடித்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

அதே தோரணையில்தான் அவர் மண்டப வாசலுக்கு வந்தார்.

"என்ட்ரி ஃபீஸ் எவ்ளோப்பா?"

"இல்ல அங்கிள்," என்றான் யாஹ்யா.

"பரிசு?"

"ஒரு கப்பு. என் கடையிலருந்து மூணு ஹெட்செட்."

"தோத்தவன் என்ன பண்ணுவான்?"

"வீட்டுக்குப் போவான் அங்கிள்."

"ஆடறவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்கியா?"

"போன்ல இருக்கு."

"பேப்பர்ல எழுது. வயசு, ஊரு, வீட்டு நம்பரு. அந்தம்மா கையில ஒரு காப்பி குடு." பிறகு காந்திமதியிடம் திரும்பினார். "ஏங்க, இந்த ஆட்டத்த நான் பாத்ததே இல்ல. எப்பிடி ஆடறாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா காசு வச்சு ஆடறவன் முகம் எப்பிடி இருக்கும்னு தெரியும். கப்புக்கு ஆடறவன் முகமும் தெரியும். கபடியில ரெண்டையும் பாத்துட்டேன். இதுங்க கப்புக்கு வந்ததுங்க."

காந்திமதி அவருடைய காக்கிச் சட்டையையும் பேட்ஜையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எழுதிக் குடுங்க. ஆனா நானும் உள்ள உக்காந்து பாப்பேன்."

"பாருங்க. பாக்க ஆளு இல்லன்னா அது என்னங்க ஆட்டம்?"

பேர், வேலை, கபடி நடுவர் அட்டை நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட் திறந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். குமரேசன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

*

மத்தியானம் இரண்டாவது நடை. விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பஸ் முண்டியம்பாக்கத்தில் நின்றது. முன்பக்கம் ஏறியவளைப் பார்த்ததும் குமரேசனுக்கு வாயில் இருந்த விசில் நழுவியது.

"நீங்க எங்க இந்த ரூட்ல?" என்றாள் கவிதா.

"மாத்திட்டாங்க. நீ எங்க இந்தப் பக்கம்? வீடு அந்தப் பக்கம் இல்ல?"

"டூட்டி முடிஞ்சுது. பொண்ணு காலையில ஒரே ஒரு இட்லியோட போச்சு. மூணு மணிக்கு டெஸ்ட் முடியும்னு சொன்னா." கையில் இருந்த டிபன் பையைக் காட்டினாள். "எனக்குக் கட்டிக்கினு வந்ததுதான். புளிசோறு, மல்லாட்டைத் துவையல். குடுத்துட்டு அழைச்சிக்கினு வர்றேன். திண்டிவனம் ஒண்ணு குடுங்க."

"வெயிலு மண்டையப் பொளக்குது. விக்கிரவாண்டியில எறங்கித் திரும்பிப் போயேன். நான் குடுத்துடறேன்."

"ஏன், நான் வந்தா உங்க பஸ்ஸு ஓடாதா?"

குமரேசன் டிக்கெட் கொடுத்தார். பிறகு பின்பக்கம் வரை போய் எல்லாரிடமும் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி இரண்டு தடவை போனார். "மூணாவது தடவ காட்டறேன் சார்," என்றார் ஜன்னலோரம் இருந்த பெரியவர்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் குமரேசன் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கவிதா, ஒண்ணு சொல்றேன். மூச்ச நல்லா இழுத்து விட்டுட்டுக் கேளு."

"ஊசி போடறப்ப நான் சொல்றத எனக்கே சொல்றீங்க. என்ன விஷயம்?"

சொன்னார். கவிதா கடைசியில் ஒரே கேள்வி கேட்டாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"என்னக் கேக்காம?"

"பதினெட்டு நிமிஷம்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு திண்டிவனம் வரும்வரை கவிதா டிபன் பையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

*

மண்டபத்துக்குள் நுழைந்தபோது இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கல்யாண வரவேற்புக்குப் படம் காட்டும் பெரிய திரையில் வாசல், மதில், ஓடும் உருவங்கள். கீழே இரண்டு மேஜைகளில் எதிரெதிராக மூன்று மூன்று பேர். சுற்றிலும் பிள்ளைகள்.

முன்வரிசையில் காந்திமதி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். "கண்டக்டரே, வாங்க. உங்க பொண்ணு நீலம். எதிர்ல செவப்பு, மயிலம் ரோட்டுப் பசங்க. ரெண்டுக்கு ரெண்டு. இது கடைசி ரவுண்டு." கவிதாவைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அம்மாவா? உக்காருங்க. வாசல்கிட்ட குந்திக்கினு இருக்குது பாருங்க, அதான் உங்க பொண்ணு."

கவிதா உட்காரவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. மேஜையில் இருந்த மகளைப் பார்த்தாள். சங்கவி உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், இரண்டு தோழிகளுக்கும் தாழ்ந்த குரலில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஹுமைரா, எடம் மாறாத. இளவரசி, நீ பின்னால வா. அவசரம் இல்ல." அந்தக் குரலைக் கவிதா வீட்டில் கேட்டதே இல்லை. அவசர சிகிச்சை வார்டில் கேட்டிருக்கிறாள். நல்ல சீனியர் நர்ஸ்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

திரையில் ஹுமைரா விழுந்தாள். பதிலுக்கு எதிரணியில் இரண்டு பேர் விழுந்தார்கள். இளவரசியும் விழுந்தாள். கடைசியில் ஒருவருக்கு ஒருவர். சிவப்புக்காரன் மதிலைத் தாண்டிக் குதித்தான். சங்கவி சுட்டாள். அரை நொடி கழித்து அவனும் சுட்டான்.

விழுந்தது சங்கவி.

மண்டபத்தில் கைதட்டல் எழும்போதே காதைக் கிழிக்கிற மாதிரி விசில் சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். குமரேசன் கையைத் தூக்கி நின்றிருந்தார், கபடிக் களத்தில் நிற்பது மாதிரி.

"என் பொண்ணுதானே மொதல்ல சுட்டா? நான் பாத்தேன்."

யாஹ்யா அருகில் வந்தான். "நெஜம்தான் அங்கிள். ஆனா அவ சுட்டது லேட்டாப் போய்ச் சேர்ந்துச்சு."

"எங்க போய்ச் சேர்ந்துச்சு?"

"சிங்கப்பூருக்கு. இந்த ஆட்டத்தோட மெஷினு அங்கதான் இருக்குது. இங்க விரல் வச்சா, சேதி அங்க போவணும். யாரு மொதல்லன்னு அந்த மெஷின்தான் முடிவு பண்ணும். அந்தத் தம்பி போன் புதுசு, சீக்கிரம் போவுது. சங்கவி போன் பழசு. அதுவும் ஒரே எடத்துல இவ்ளோ பேர் நெட்டப் போட்டா டவர் இழுக்குது."

"அம்பயரு சிங்கப்பூர்ல உக்காந்துக்கினு திண்டிவனத்துக்குத் தீர்ப்பு சொல்றானா?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சங்கவியும் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. சிவப்பு அணிப் பையன் எழுந்து வந்து கை நீட்டினான். "அக்காதான் மொதல்ல சுட்டாங்க. எனக்கே தெரியும்."

அப்போதுதான் சங்கவி அம்மாவைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

கவிதா மெதுவாக மேஜைக்கு வந்தாள். திட்டு விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அந்த மெஷின இங்க கொண்டாந்து வச்சா என்ன?" என்று கேட்டாள்.

"வைக்க மாட்டாங்கம்மா. நம்ம பக்கம் ஆடறவங்க கம்மின்னு சொல்றாங்க," என்றாள் சங்கவி.

"இத்தினி பேர் நிக்கறாங்க. எப்பிடிக் கம்மி?"

சங்கவி குனிந்துகொண்டாள். "எல்லாரும் மாக் டெஸ்ட்டுன்னு சொல்லிட்டுத்தாம்மா வர்றாங்க. அப்பறம் எப்பிடிக் கணக்குல வருவாங்க?"

கவிதா ஹுமைராவைப் பார்த்தாள். "நீ என்ன சொல்லிட்டு வந்த?"

"அண்ணன் கடையில ஸ்டாக் எடுக்கணும்னு."

"நீ?"

"சங்கவி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன் ஆன்ட்டி," என்றாள் இளவரசி.

ஜெயித்த பையனிடம் திரும்பினாள். "தம்பி, நீ?"

"டியூஷன்."

காந்திமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கவிதா சிரிக்கவில்லை. டிபன் பையைப் பிரித்துப் புளிசோற்றையும் வேர்க்கடலைத் துவையலையும் மேஜையில் வைத்தாள். "மொதல்ல சாப்பிடு. மூணு பேரும் சாப்பிடுங்க."

*

மூன்றரை மணி நடையில் எல்லாரும் ஏறினார்கள். ஹுமைரா மட்டும் கோட்டக்குப்பத்துக்குப் போய்விட்டாள். கவிதாவும் சங்கவியும் ஒரு சீட்டில். பின்சீட்டில் இளவரசி.

விக்கிரவாண்டி வந்தது.

"நீ ஆடினதுகூட எனக்குப் பெருசா இல்ல," என்றாள் கவிதா, ஜன்னலைப் பார்த்தபடி. "ஆறு மாசமா பக்கத்து ரூம்ல இருந்துக்கினு ஒரு வார்த்த சொல்லல பாரு."

"சொன்னா விட மாட்டன்னு நெனச்சேன்மா."

"விட்டிருக்க மாட்டேன்தான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கவிதாவின் உதடுதான் சிரிப்பில் நெளிந்தது.

சங்கவியின் போன் அடித்தது. யாஹ்யா. கேட்கக் கேட்க அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, கோயம்புத்தூர்ல மாநிலப் போட்டி. பொண்ணுங்களுக்குத் தனிப் பிரிவு வச்சிருக்காங்களாம். விழுப்புரம் மாவட்டத்துலருந்து நாங்கதான் போறோம்."

"தோத்துட்டீங்களே?"

"பொண்ணுங்க டீமு வேற எதுவும் இல்லம்மா."

"ஆளே இல்லாததால கெடச்சுதா? அதுல என்ன பெரும?"

"பெரும இல்லதான். ஆனா போனா, அடுத்த வருஷம் ரெண்டு டீமாவது வரும்." சங்கவி தயங்கினாள். "மூணு நாள். கூட வீட்டுப் பெரியவங்க ஒருத்தங்க வரணும்னு ரூலு. பொம்பளையா இருக்கணும்."

டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த குமரேசன் அங்கேயே நின்றுவிட்டார். இளவரசி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கவிதா கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த டூட்டி சார்ட்டை எடுத்து மடியில் விரித்தாள். "எந்தத் தேதி?"

"அம்மா."

"நான் ஒண்ணும் சரின்னு சொல்லல. தேதியத்தான் கேட்டேன்."

பஸ் விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. எழுந்து நின்ற இளவரசி திடீரென்று சீட்டுக்கு அடியில் குனிந்தாள்.

"ஆன்ட்டி, அந்த ஜூஸ் கடைகிட்ட நிக்கறது எங்கப்பா."

வெள்ளைச் சட்டையில் ஒரு கனத்த மனிதர். டயர் கடை இருதயராஜ். கையில் போனைப் பிடித்து அதில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். போனிலிருந்து வந்த விசில் சத்தம் பஸ்ஸுக்குள் வரை கேட்டது. மண்டபத்தில் எவனோ எடுத்த வீடியோ அதற்குள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"கோவக்காரரா?" என்றாள் கவிதா.

"ரொம்ப ஆன்ட்டி."

"பி.பி. இருக்கா?"

"இருக்கு. மாத்திரை போடறாரு."

இருதயராஜ் பஸ்ஸைப் பார்த்துவிட்டார். படிக்கட்டை நோக்கி வேகமாக வந்தார். குமரேசன் முன்னால் இறங்கக் காலெடுத்து வைத்தார். கவிதா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். டூட்டி சார்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நீங்க இருங்க. நான் பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கினாள்.